ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்

வீட்டுத் தொலைபேசிக்கென்று இழுக்கப்பட்ட செம்புக் கம்பியின் வழியாகவே இணையத்தையும் கொண்டுவரும் முறை டி.எஸ்.எல். எனப்படுகிறது; அக்கம்பி வந்து முடியும் இடத்தில் அமர்ந்து, அதில் வரும் சமிக்ஞைகளைத் தரவாக மாற்றும் மோடமாகவும், அத்தரவை வீட்டிலுள்ள கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பங்கிடும் ரூட்டராகவும் ஒருசேரப் பணியாற்றும் சிறு பெட்டியே இணைய நுழைவாயில். பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது, அதுவரை பேச்சை மட்டுமே சுமந்த கம்பிகளே இப்புதிய பணிக்கும் பயன்பட்டன. இன்று பல ஊர்களில் கண்ணாடி இழை செம்பின் இடத்தைப் பெற்றுவிட்டது. எனினும் செம்பு இணைப்பு எஞ்சியுள்ள இல்லங்களில் இப்பெட்டியைச் செவ்வனே அமைப்பதற்கு, திரையில் எண்களை நிரப்பத் தெரிவதைவிடக் கம்பியின் இயல்பு தெரிவதே முதன்மையானது.

தொலைபேசிப் பேச்சு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. அதற்கு மேலே பயன்படாமல் கிடந்த பெருவெளியில், வீட்டிலிருந்து தொலைபேசி நிலையத்துக்குச் செல்லும் தரவுக்கு 26 முதல் 138 கிலோ ஹெர்ட்ஸ் வரையும், நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் தரவுக்கு 138 முதல் 1,104 கிலோ ஹெர்ட்ஸ் வரையும் டி.எஸ்.எல். வகைகளுள் ஒன்றான ஏ.டி.எஸ்.எல். முறை ஒதுக்கியது. வரும் வழி அகலமாகவும் செல்லும் வழி குறுகலாகவும் இருக்கலாம் என்ற கருத்தை 1980-களின் பிற்பகுதியில் முன்வைத்தவர் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகப் பொறியாளர் ஜோசப் லெக்லைடர்.

இந்த வெளி முழுவதும் 4.3125 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் 256 தடங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதே இம்முறையின் பேரழகு. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் டி.எஸ்.எல். விளக்கு சற்று நேரம் மினுங்கிப் பின்பு நிலைத்து எரிவதை நேயர்கள் பார்த்திருக்கலாம்; மினுங்கும் அந்நேரத்தில் மோடமும் நிலையத்திலுள்ள கருவியும் ஒவ்வொரு தடத்தையும் சோதித்து, இரைச்சல் குறைந்த தடத்துக்கு 15 பிட்டுகள் வரையும், இரைச்சல் மிகுந்த தடத்துக்கு மிகச் சிலவற்றையும் ஒதுக்கி, சிறிதும் பயன்படாத தடத்தைக் கைவிட்டுவிடுகின்றன. நொடிக்கு 4,000 முறை இப்பிட்டுகள் அனுப்பப்படுவதால், நல்ல தடம் ஒன்று மட்டுமே நொடிக்கு 60 கிலோபிட் தரவைக் கடத்திவிடும். பழைய டயல்-அப் மோடத்தின் உச்ச வேகமோ 56 கிலோபிட்தான்.

வானொலி நேயர்களுக்கு உரிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. மத்திய அலை வானொலியின் ஒரு பகுதியும் இதே அதிர்வெண் வெளியில்தான் வாழ்கிறது. சென்னை வானொலி நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்புக்குரிய 720 கிலோ ஹெர்ட்ஸ், கணக்கிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய மிகச் சரியாக 167-ஆம் தடத்தின் மேல் விழுகிறது. ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகிலுள்ள வீட்டின் கம்பி விரும்பாமலேயே வானொலி ஏரியலாகிவிடக் கூடும்; அப்போது மோடம் அத்தடத்தையும் அதன் அண்டைத் தடங்களையும் விட்டு விலகி, எஞ்சியவற்றின் வழியே பணியைத் தொடர்கிறது. இத்தகைய வெளியிரைச்சலைத் தணிக்கவே தொலைபேசிக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்படுகின்றன; ஒரு முறுக்கில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அடுத்த முறுக்கில் எதிர்த்திசையில் தூண்டப்படுவது நீக்கிவிடுகிறது. ஆகவே வீட்டுக்குள் முறுக்கில்லாத நீண்ட கம்பியை மின்கம்பிகளை ஒட்டி இழுத்துச் செல்வது விரும்பத்தக்கதன்று.

இவ்வளவையும் அறிந்தபின் ஸ்பிளிட்டர் என்னும் சிறு டப்பாவின் அருமை தானே விளங்கும். வெளியிலிருந்து வரும் கம்பி அதன் லைன் துளையிலும், தொலைபேசி போன் துளையிலும், பெட்டி மோடம் துளையிலும் சேர, அது தொலைபேசிக்குத் தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடுகிறது. மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்துபோகிறது என்று முறையிடும் வீடுகளில் லைன்மேன் முதலில் தேடுவது, உள்ளறையில் ஸ்பிளிட்டருக்கு முன்பே கிளை பிரித்து மாட்டப்பட்ட இன்னொரு தொலைபேசியைத்தான். அக்கருவிக்கும் தனியே ஒரு வடிகட்டியைப் பொருத்தினாலோ, அக்கிளையை நீக்கினாலோ பெரும்பாலும் குறை தீர்ந்துவிடும்.

ஒலிபரப்பு நேரம் குறுகியதாதலால் எஞ்சியவற்றைச் சுருக்கமாகவே கூற இயலும். பெட்டியைக் கணினியுடன் கேபிளால் இணைத்து, உலாவியில் பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்தால் அமைப்புப் பக்கம் தோன்றும். நிலையத்துடனான தரவு வழியைக் குறிக்கும் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்னும் இரு எண்கள் பி.எஸ்.என்.எல். இணைப்புக்கு 0, 35 ஆகும். பயனரை நிலையத்துக்கு அடையாளம் காட்டும் பி.பி.பி.ஓ.இ. முறையைத் தேர்ந்து, சேவை நிறுவனம் தந்த பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டபின், பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுவதும், வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ. 2 பாதுகாப்பை அமைப்பதும் இன்றியமையாதவை; ஏனெனில் பழைய டபிள்யூ.இ.பி. பாதுகாப்பு முறை எளிதில் உடைக்கப்படக் கூடியது.

அதே பக்கத்தில் இணைப்பின் நிலையைக் காட்டும் பகுதியில் இரைச்சல் விளிம்பு என்றும், வலுவிழப்பு என்றும் இரு அளவுகள் டெசிபெல்லில் தரப்பட்டிருக்கும். முன்னது இரைச்சலைச் சமாளிக்க எஞ்சியுள்ள இடைவெளி; அது 6 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடலாம். பின்னது நிலையத்திலிருந்து வரும் வழியில் சமிக்ஞை இழக்கும் வலு. தொலைவு கூடக் கூட இதுவும் கூடும். வானம் தெளிந்த நாளில் இவ்விரண்டையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளும் நேயர்கள், மழைக்காலத்தில் கம்பி இணைப்புகளுக்குள் நீர் புகுந்து வேகம் தளரும்போது பழைய எண்களையும் புதிய எண்களையும் லைன்மேனிடம் ஒருங்கே காட்டலாம். குறை பெட்டியில் இல்லை, வெளிக்கம்பியில்தான் என்பதை அவரும் விரைவில் கண்டறிந்து சீர்செய்வார் என்று நம்பலாம்.