குன்சும் கணவாய் வழியே

இமாசலப் பிரதேசத்தில், மனாலியினின்று ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் தலைமை ஊராகிய காஜாவுக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சமவெளியில் அது காலைச் சிற்றுண்டிக்கும் பகல் உணவுக்கும் இடைப்பட்ட தொலைவு. நான்கு ஜீப்புகளில் பதினொருவராய்ச் சென்ற எங்களுக்கோ இரண்டு நாட்கள் பிடித்தன. அந்த இரண்டாம் நாள் எதனால் வேண்டியிருந்தது என்பதையே இன்று கூற விழைகின்றோம்.

முன்பெல்லாம் இவ்வழியே செல்வோர் ரோஹ்தங் கணவாயை ஏறி இறங்கியாக வேண்டும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், 9 கிலோமீட்டர் தொலைவை மலைக்கு அடியிலேயே கடந்துவிடலாம். சுரங்கத்தின் மறுவாயிலில் லாஹௌல் நாடு. அங்கே சந்திரா நதியை எதிர்த்து மேலேறிக் கிராம்பூவைத் தாண்டியதும் சாலையின் குணமே மாறிவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலை என்பது ஏட்டில் உள்ள பெயர். நாங்கள் சென்ற ஆகஸ்டில் பெரும்பகுதியும் தார் காணாத கற்பாட்டைதான். ஒரு புறம் பாறை, மறுபுறம் ஆறு.

இத்தகைய பாட்டையில் வேகத்துக்கு வேலையே இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்படி அமைத்து, தாழ்ந்த கியரில், நடக்கும் மனிதனைப் போல் வண்டியைச் செலுத்த வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் இஞ்சினின் இழுவையையே நம்ப வேண்டும். கூட்டமாகச் செல்வோருக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு சாரதியும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பாளி. வளைவு திரும்பியதும், பின்வண்டி கண்ணில் படும்வரை நின்றுதான் மேலே செல்லலாம். ஆகவே நான்கு வண்டிகளின் வேகமும் கடைசி வண்டியின் வேகமே.

சத்ரு என்னும் தங்குமிடத்தைக் கடந்து சிறிது தூரத்தில், பனியாற்றினின்று இறங்கும் ஓடை ஒன்று பாட்டையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடிற்று. அப்போது பிற்பகல் மூன்று மணி. எங்கள் முதல் சாரதி லாஹௌல் நாட்டவர், நடுவயதைக் கடந்தவர். அவர் வண்டியை நிறுத்தி, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கோலூன்றி நீரில் இறங்கினார். நீர் தொடையைத் தொட்டது. அடியில் கற்கள் உருளும் ஓசை கரையில் நின்ற எங்களுக்கும் கேட்டது. அவர் பாதி தூரத்திலேயே திரும்பிவிட்டார்.

மூன்றாம் வண்டியில் இருந்த இளைஞர் இருவருக்கு இது பொறுக்கவில்லை. அன்றிரவே காஜாவை அடைய வேண்டுமென்றும், தங்கள் வண்டி உயரமானது என்றும் வாதித்தனர். "பாய் சாஹிப், ஐந்து நிமிஷ வேலை இது" என்றார் ஒருவர். அவர் கோபிக்கவில்லை. "பகல் வெயிலில் உருகிய பனி இப்போதுதான் இங்கே வந்து சேர்கிறது, பேட்டா. இரவில் மேலே எல்லாம் உறைந்துவிடும். விடியலில் இதே ஓடையைப் பாருங்கள்" என்றார்.

எங்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. கடைசி வண்டியில் வந்த முதிய நண்பருக்குக் கடுமையான தலைவலி, உணவு செல்லவில்லை. உயரம் ஒருவரைத் தாக்கும்போது மேலும் ஏறுதல் ஆகாது. குணமாகாவிடில் இறங்குவதே மருந்து. ஓடையைக் கடந்திருந்தால் இரவு பாதாலில்தான் தங்கியிருப்போம். அது சத்ருவைவிட ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்த இடம். எனவே சத்ருவுக்கே திரும்பினோம். பெயர் தமிழ்க் காதுக்குப் பகைவன் என்று ஒலித்தாலும், அந்தக் கூடார விடுதியார் சுடச்சுடப் பருப்பும் சோறும் இட்டு, எங்களை நண்பர்களாகவே நடத்தினர். இரவு முழுவதும் இருவர் மாறிமாறி நோயாளியின் அருகில் விழித்திருந்தோம். விடியற்காலையில் அவரே எழுந்து தேநீர் கேட்டார்.

ஐந்தரை மணிக்கு ஓடையில் நீர் முழங்காலுக்கும் கீழே. கியரை மாற்றாமல், நடுவில் நிற்காமல், ஒவ்வொரு வண்டியாகக் கடந்தோம். ஒன்று கரையேறும்வரை அடுத்தது இறங்கவில்லை.

பாதாலில் சந்திராவைப் பாலத்தால் கடந்து, வளைவுகளில் ஏறி, 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்சும் கணவாயை அடைந்தோம். இப்பால் விழும் நீர் சினாபுக்கும், அப்பால் விழும் நீர் ஸ்பிதி நதி வழியே சட்லெஜுக்கும் போகிறது. அங்குள்ள அம்மன் கோயிலை வண்டியோடு வலம் வருதல் சாரதிகளின் வழக்கம். வாதாடிய இளைஞரின் வண்டியில் இப்போது முதிய நண்பர் அமர்ந்திருந்தார்; அது மற்றவற்றைக் காட்டிலும் மெதுவாகவே சுற்றி வந்தது. பிறகு லோசரை நோக்கி இறங்கலானோம்.