ஒரே தேதி, இரண்டு விடுதலை



ஆகஸ்டு 15 என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தியச் சுதந்திர தினம். 1947-ஆம் ஆண்டு அந்த நாளில் இந்தியா விடுதலை பெற்றது. அதற்குச் சரியாக 2 ஆண்டுகளுக்கு முன்பு, 1945 ஆகஸ்டு 15-இல், ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹித்தோ வானொலி வழியாகத் தம் நாடு போரில் பணிவதை அறிவித்தார். இரண்டும் ஒரே தேதியில் வந்தது தற்செயலா? இல்லை.

அன்று தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. 1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றவரும் அவரே. 1947-இல் அவர் இந்தியாவின் வைஸ்ராய். ஆட்சியை ஒப்படைக்க 1948 ஜூன் வரை பிரிட்டிஷ் அரசு தவணை கொடுத்திருந்தது. அவரோ அதைப் பத்து மாதம் முன்னுக்கு இழுத்தார். ஜப்பான் பணிந்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் ஆகஸ்டு 15-ஐத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னாளில் அவரே கூறினார்.

அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் மக்கள். எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதே ஆகஸ்டு 17-இல்தான் வெளியிடப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள்.

சரி, 1945-இன் ஆகஸ்டு 15 நமக்கு யாருடைய நாள்? சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட நம் தோட்டத்துத் தொழிலாளர்களின் நாள் என்பேன். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 12,000 பேர் அங்கே இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களோ அதைவிடப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. எஞ்சியவர்களுக்கு ஜப்பான் பணிந்த செய்திதான் விடுதலைச் செய்தி. அதன் பிறகும் ஊர் திரும்பப் பலர் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களை எண்ணிப் பதிவு செய்ய இராணுவம் இருந்தது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதிவும் இல்லை, கல்லும் இல்லை.

ஆகவே நேயர்களே, அடுத்த ஆகஸ்டு 15 அன்று இந்தியக் கொடியேற்றத்தைத் தொலைக்காட்சியில் பாருங்கள், மகிழுங்கள். அதோடு வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்?" கிடைக்கிற பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.