புதுச்சேரியில் சோழி பரப்பியவர்



ஆண்டுதோறும் நம் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு கேள்வி எழும். விழா நாள் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கப்படியா, திருக்கணிதப்படியா? கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை யாழ்ப்பாணத்து நண்பர் எடுத்து வைப்பார். தஞ்சாவூர்க்காரர் தம்முடையதை எடுப்பார். அந்த ‘வாக்கியம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1825ஆம் ஆண்டு. சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பிலிருந்த ஜான் வாரன், தென்னாட்டுக் காலக்கணக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23. முடிவில் 52. கடைசி எண் சிறியதல்ல, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காகிதமும் அச்சிட்ட அட்டவணையும் இல்லாமல், சோழியும் நினைவும் கொண்டு போட்ட கணக்கு அது!

வாரனுக்கு அரை நூற்றாண்டு முன்பே லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் இக்கணக்கைப் புதுச்சேரித் தமிழரிடம் கற்றார். 1769இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியை மேகம் மறைத்துவிட, பெருந்துயரத்துடன் ஊர் திரும்பியவர் அவர். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் மேயர் உருவாக்கிய நிலவு அட்டவணை 68 விநாடி கூடியது.

சொல்லிலிருந்து எண் வருவது எப்படி? நம் பாட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். மேசகல்யாணியில் ‘மே’ என்றால் 5, ‘ச’ என்றால் 6. திருப்பிப் படித்தால் 65, அதன் மேளகர்த்தா எண். கடபயாதி என்னும் இதே முறையில், நிலவு ஒவ்வொரு நாளும் நிற்கும் இடத்தை ஒரு சிறு வடமொழித் தொடராக்கினார்கள். அதுதான் வாக்கியம். மொத்தம் 248. நிலவு பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அப்படி வரச் சுமார் 27.55 நாள், ஒன்பது சுற்றுக்கு 248 நாள். இந்த 248 பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது.

தமிழர் கணக்குக்கும் பாபிலோனுக்கும் உள்ள அந்த உறவை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஓட்டோ நாய்கபவர். வாரனின் ‘கால சங்கலிதம்’ நூலைப் படித்து, 1952இல் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புதுச்சேரிக்காரருக்குக் கோட்பாடு தெரியாது, நினைவாற்றல்தான் என்று வாரன் எழுதியிருந்தார். ஆனால் அவர் கையளித்தது இடைவிடாமல் தொடர்ந்துவந்த பழைய மரபு என்பது நாய்கபவர் பார்வை. நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: விரலுக்கும் நாவுக்கும் பழகிப்போன அந்தக் கணக்கும் அறிவுதான். நூலெழுதியவர்களை மட்டும் எண்ணினால் அறிவியல் வரலாற்றில் பாதிப் பேர் விடுபட்டுப்போவார்கள்.

இந்த முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ என்ற நூல் 1962இல் சென்னையில் பதிப்பாகிவிட்டது. சூத்திரம் அச்சில் இருக்கிறது. ஆனால் சோழி எந்தக் குவியலிலிருந்து எந்தக் குவியலுக்குப் போயிற்று, பிழை வந்தால் எங்கே திரும்பத் தொடங்கினார்கள் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அதனால் நம் சங்கத்தின் அடுத்த ஆய்வு நல்கையை அப்படிப் பார்த்தவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வதற்கே ஒதுக்க வேண்டுமென்று செயற்குழுவை வேண்டுகிறேன்.

ஊரில் உங்கள் வீட்டுப் பரணில் கணக்கேடோ, ஓரத்தில் கையெழுத்துக் குறிப்புள்ள பழைய பஞ்சாங்கமோ இருந்தால், துடைக்காமல், கட்டுப் பிரிக்காமல், இருந்த இடத்திலேயே முதலில் படம் எடுங்கள். யாருடையது, எந்த ஊர் என்று எழுதிவையுங்கள். பஞ்சாங்கம் கணித்த பெரியவர் குடும்பத்தில் யாரேனும் இருந்தால், இன்றே பேசுங்கள்; ஊரில் இப்போது விடியும் நேரம். விருந்துக்குப் போகுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள்.