“தெரியலையே, பார்ப்போம்”



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. சாரல் விழுந்தால் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிடும். தென்காசியில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதியவர்; அதிகம் பேசமாட்டார். ஆடி மாதத்து ஞாயிறுகளில் முதல் திருப்பலி முடிந்ததும் 5 கிலோமீட்டர் நடத்தியே என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். பேரருவிக் கூட்டத்தைத் தாண்டி, செண்பகாதேவி அருவிக்குப் போகும் மலைப்பாதையில் ஏறுவோம். இன்று வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே போக முடியாது.

காலில் அட்டை ஏறும். அப்பா வெற்றிலைப் பையிலிருந்து புகையிலையை எடுத்து நனைத்துத் தேய்ப்பார். அட்டை சுருண்டு விழும். புகையிலையால் நான் கண்ட ஒரே நன்மை அதுதான்! ஒருநாள் மர உச்சியில் செந்நிறமாய் ஏதோ தாவியது. உடம்பைவிட வால் நீளம்.

“என்னப்பா அது?”

“தெரியலையே. சத்தம் போடாத, பார்ப்போம்.”

ஈரப் பாறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அது மலையணில் என்பது குருமடத்தில் ஒரு நூலைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

யோபு நூலின் 38, 39ஆம் அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். புலம்பித் தவிக்கும் யோபுக்கு ஆண்டவர் காரணம் எதுவும் சொல்வதில்லை. மழைக்கு வழி வெட்டியவர் யார், வரையாடு குட்டி போடும் காலம் தெரியுமா, காட்டுக் கழுதையை அவிழ்த்துவிட்டவர் யார் என்று கேட்டுக்கேட்டு, அவரைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார். இதற்கு எத்தனையோ விளக்கவுரைகள் படித்தேன். எனக்கு விளங்கியது அந்த ஈரப் பாறையை நினைத்தபோதுதான்.

சென்ற மாதம் ஒரு தகப்பன் வந்தார். “சாமி, பிளஸ் டூ படிக்கிற பையன் என்கிட்ட பேசவே மாட்டேங்கிறான். வாயைத் திறந்தா மார்க்கைத்தான் கேப்பேன்னு நினைக்கிறான்.”

“நீங்க என்ன கேப்பீங்க?”

“மார்க்கைத்தான் சாமி.” சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

அவனை மலைப்பக்கம் கூட்டிப்போங்கள் என்றேன். “மரம், பறவை பேரெல்லாம் எனக்குத் தெரியாதே?” என்றார். ரொம்ப நல்லது என்றேன்.

ஒன்று மட்டும் கவனம். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும். வெள்ளம் நிமிடத்தில் இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. காவலர்கள் தடுத்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் கலங்கினால் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவிடுவார். நான் அழுதாலும் விடமாட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தகப்பன் மறுபடி வந்தார். “ஐந்தருவிப் பக்கம் போனோம் சாமி. வால்ல ரெண்டு கொடி தொங்குற மாதிரி ஒரு கறுப்புப் பறவை. என்னப்பா அதுன்னான். தெரியலைன்னேன். போனை எடுத்துத் தேடினான். கரிச்சான்ல ஒரு வகையாம். எனக்குக் காட்டினான் சாமி.”