வெறுமையாக்கி நிரப்புக!

(மொரப்பூரில் பொறிவினைஞரிடையே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

மொரப்பூர் இருப்புப்பாதையோடு வளர்ந்த ஊர். 1906ஆம் ஆண்டு இங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையொன்று போடப்பெற்றது, பின்னர் அஃது ஓசூர் வரை நீண்டது, 1941இல் நின்றுபோயிற்று. பண்டம் விளைவது ஓரிடம், விலைபோவது வேறோரிடம் என்பது இம்மண்ணுக்குப் புதிய செய்தியன்று. பாலக்கோட்டில் தக்காளி விலை விழும்போதெல்லாம் உழவன் அதனைத் தெருவோரம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதையும் இம்மண் கண்டிருக்கிறது. கெடாமற் காத்துக் கொண்டுசெல்லும் வழியில்லாத விளைச்சல் பாதி விளைச்சலே!

அவ்வழியை இன்று உலகுக்குத் திறந்திருப்பது குளிர்ப்பெட்டகம். நாமக்கல் முட்டையும் தூத்துக்குடி இறாலும் அதனுள் அமர்ந்தே கடல் கடக்கின்றன. அப்பெட்டகத்தின் முகப்பில் பொருத்திய பொறியைப் பழுதுபார்க்கும் கைகளோ பெரும்பாலும் ஏழை வீட்டு இளைஞர்களின் கைகள். "மேலே ஏறிக் கேஸ் அடித்துவிட்டு வா" என்ற ஒற்றைக் கட்டளையே பலருக்கும் கிடைக்கும் முழுப் பயிற்சி. அந்த ஒரு சொற்றொடருக்குள் எத்துணை அறிவு மறைந்து கிடக்கிறது, எத்துணை இடர் ஒளிந்து கிடக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இப்பொழிவின் நோக்கம்.

குளிர் என்பது உள்ளே செலுத்தப்படும் பொருளன்று. உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே குளிரூட்டல். அவ்வாறு அள்ளிச் செல்லும் சுமையாள்தான் குளிர்ப்பொருள். பெட்டகங்களில் பெரிதும் வழங்கும் ஆர்-134ஏ என்பது, இயல்பான காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். ஆவியாக்கியில் அது கொதித்து வெப்பத்தை உண்கிறது. அழுத்தி அதனை நெருக்குகிறது. செறிகலத்தில் அது வெப்பத்தை உமிழ்ந்து மீண்டும் நீர்மமாகிறது. விரிவுத் தடுக்கிதழின் ஊசித்துளை வழியே மறுபடியும் ஆவியாக்கிக்குள் நுழைகிறது. இது மூடிய வட்டம். அவ்வட்டத்துள் குளிர்ப்பொருளும் உரிய எண்ணெயும் அன்றி வேறெதற்கும் இடமில்லை.

அயலான் நுழைந்தால் என்னாகும்? 2011ஆம் ஆண்டு வரலாறு விடையளிக்கிறது. அவ்வாண்டில் குளிர்ப்பெட்டகப் பொறிகள் சில வெடித்துச் சிதறின. வியட்நாமிலும் பிரேசிலிலுமாகத் தொழிலாளர் மூவர் மாண்டனர். அவர்கள் போர்க்களத்தில் சாகவில்லை. நாள்தோறும் செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது செத்தார்கள்! வியட்நாமில் பழுதுபார்க்கப்பெற்றபோது ஏற்றப்பெற்ற கலப்படக் குளிர்ப்பொருளே அதற்குக் கரணியம் என ஆய்வில் தெரியவந்தது. ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற கலன்களில் ஆர்-40 எனப்படும் மெத்தைல் குளோரைடு கலந்திருந்தது. அது பொறியிலுள்ள அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடனே தானே தீப்பற்றும் நீர்மத்தை உண்டாக்கியது. விலை குறைவு என்று வாங்கிய கலனுக்கு ஏழைத் தொழிலாளி தன் உயிரை விலையாகக் கொடுத்தான்!

ஆகவே முதற்கடமை, கலனில் உள்ளது எது என்பதை அறிதல். நம்பத்தகுந்த இடத்தில் வாங்குதல் வேண்டும். ஆய்கருவி கொண்டு சோதித்தல் வேண்டும். ஆர்-134ஏயில் குளோரின் இல்லை. குளோரின் கலந்திருந்தால் செப்பு பொருத்திய சோதனை விளக்கின் சுடர் பச்சையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். இச்சோதனையைப் பயிற்சி பெற்றவரே திறந்தவெளியில் செய்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் பொறியில் கை வைத்தல் கூடாது.

இரண்டாம் கடமை, பழைய குளிர்ப்பொருளை மீட்டெடுத்தல். காற்றில் திறந்துவிடுதல் எளிது. ஆயினும் அது குற்றம். ஆர்-134ஏயின் புவிவெப்பமாக்கும் ஆற்றல் கரியமில வளியைப் போல் ஏறத்தாழ 1430 மடங்கு. 5 கிலோவைத் திறந்துவிட்டால் 7 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வளியை விட்டதற்கு ஒப்பாகும். மூடிய இடமாயின் அது காற்றினும் கனத்தது ஆகையால் தரையிற் படிந்து மூச்சை அடைத்துவிடும். எனவே மீட்புப்பொறியால் உறிஞ்சித் தனிக்கலனில் சேர்த்தலே முறை.

மூன்றாம் கடமை, கசிவைக் கண்டு அடைத்தல். கசியும் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவது அறிவுடைமையாகாது. ஈரமற்ற நைட்ரசன் வளியை அளவறிந்து ஏற்றி, சவர்க்கார நுரையால் இணைப்புகளை ஆராய்க. உயிர்வளியை ஏற்றி ஒருபோதும் சோதிக்கற்க! எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும். பழுது நீக்கியபின் ஈரமுறிஞ்சும் உலர்த்தியைப் புதிதாக மாற்றுக.

நான்காம் கடமையே தலையாயது, வெறுமையாக்கல். குழாயைத் திறந்தவுடன் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்துவிடுகின்றன. ஈரம் தடுக்கிதழின் நுண்துளையில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு கூடிக் காடியாகி அழுத்தியின் கம்பிச்சுற்றை அரிக்கும். ஆனால் நீரைக் கொதிக்கவைக்க நெருப்பே வேண்டும் என்பதில்லை. அழுத்தத்தைக் குறைத்தாலும் அது கொதிக்கும். இயல்பான காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் இதள். அதனை 24 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்தினால் 25 பாகை வெப்பத்திலேயே நீர் கொதித்து ஆவியாகி எக்கியின் வழியே வெளியேறும். வினைஞர் இன்னும் ஆழமாக, 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறக்குதல் வேண்டும். உயரழுத்தப் பக்கம், தாழழுத்தப் பக்கம் ஆகிய இரண்டிலிருந்தும் உறிஞ்சுக.

எக்கியை நிறுத்திவிட்டு மானியைப் பார்த்திருக்க. முள் சற்றே ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் எஞ்சியுள்ளது; நில்லாமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு உள்ளது. ஈரமாயின் காய்ந்த நைட்ரசனை உள்ளே விட்டு மீண்டும் வெறுமையாக்குக; மும்முறை செய்வதும் வழக்கமே. வெற்றிடமாய் இருக்கையில் அழுத்தியை இயக்கினால் அதன் மின்சுற்று கருகிவிடும்.

ஐந்தாம் கடமை, எடையிட்டு நிரப்புதல். மானி பார்த்து மதிப்பிடுதலும் கை தொட்டு உணர்தலும் போதா. பொறியின் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும் எடையே சட்டம். கலனைத் தராசில் வைத்து, அழுத்தி ஓடாதபோது, நீர்ம வடிவில் உயரழுத்தப் பக்கத்தில் ஏற்றுக. ஆர்-404ஏ போன்ற கலவைகளை ஆவியாக எடுத்தால் அவற்றின் கூறுகள் விகிதம் பிறழும். அவற்றை நீர்மமாகவே ஏற்றுதல் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இன்றி இப்பணியில் இறங்கற்க. தெறிக்கும் துளி தோலை உறையச்செய்யும்.

இக்கடமைகளில் எதுவும் கடினமன்று. ஆயினும் கலனில் ஒட்டிய எச்சரிக்கை அயன்மொழியில் இருக்கிறது. அதனைத் திறக்கும் இளைஞனோ தமிழில் எண்ணுகிறான். அவ்விடைவெளியில்தான் விரல் உறைகிறது, மூச்சு அடைக்கிறது, உயிர் போகிறது. அழுத்தி, செறிகலம், ஆவியாக்கி, உலர்த்தி, தடுக்கிதழ் எனப் பட்டறைச் சுவரில் தமிழில் எழுதி வையுங்கள். பெயர் விளங்கினால் வேலை விளங்கும். வேலை விளங்கினால் இடர் விளங்கும்.

1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாடு ஓசோன் படலத்தை அரித்த பழைய குளிர்ப்பொருள்களுக்கு முடிவுகட்டத் தொடங்கியது. 2016இல் கிகாலியில் செய்த திருத்தம் ஆர்-134ஏ போன்றவற்றையும் குறைக்கச் சொல்கிறது. 2021இல் இந்தியா அதனை ஏற்றது. 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைத்தாக வேண்டும். நாளை வரும் குளிர்ப்பொருள்களுள் எரியக்கூடியனவும் உண்டு. இன்று ஒழுங்காக வெறுமையாக்கவும் எடையிடவும் பழகாத கை, நாளை நெருப்போடு விளையாடும் கையாகும்.

"விரைந்து முடி" என்று மேலாளர் முடுக்கும்போது, வெற்றிட மானியின் முள் நிற்கும்வரை காத்திருக்கும் துணிவு வேண்டும். அந்த மணித்துளிகள் வீணல்ல. கடலுக்கு அப்பால் பெட்டகத்தைத் திறக்கப்போகும், பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் உயிர் அந்த மணித்துளிகளில் அடங்கியிருக்கிறது!