சேலையூர்க் காடும் கல்லூரியும்

தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, வீடுகளுக்கு நடுவில் ஒரு காடு நிற்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வளாகம் அது. 360 ஏக்கருக்கு மேல் இருக்கும்.

ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு 1937-இல் கல்லூரி இங்கே வந்தபோது, இது சேலையூர்க் காட்டில் ஒரு பகுதி. களா, காரை, சூரை மண்டிய முள்ளுப்புதர். நாமாயிருந்தா "வெறும் கரம்புதானே"ன்னு வெட்டி விறகாக்கியிருப்போம். எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியர் அப்படி நினைக்கவில்லை. அவர் நடத்தின பாடம் ரசாயனம். ஆசையெல்லாம் செடிகொடி மேலே! அவரும் மனைவி ஆலிஸும் வளாகத்தில் மரக்கன்று வைத்து வளர்த்தார்கள். மிச்ச இடம் புதர்க்காடாகவே விடப்பட்டது. புள்ளிமான்கூட உண்டு.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அழகுக்காக வைத்த வெளிநாட்டு மரங்கள் நிறைய விழுந்தன. புதர்ச்செடியோ குட்டை, காற்றுக்கு வளைஞ்சு கொடுக்கும். அதன் அடியில் சேரும் சருகு, மழைத்தண்ணியை ஓடவிடாம மண்ணுக்குள் இறக்கும்.

உங்க ஊர்ப் புறம்போக்கிலும் களா இருக்கும். தோட்ட வேலிக்கு அதை வைத்தால் மாடு நுழையாது. காய் ஊறுகாய்க்கு ஆகும். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, காயவிடாமல் உடனே நாற்று விடுங்கள். நாள்பட்ட விதை சரியா முளைக்காது. கன்று தேறினதும் அடுத்த மழையில் வேலியோரம் நடலாம்.