மணி அடிக்கும்வரை வெளியே நிற்கும் பிள்ளைகள்

(தென் மாவட்டம் ஒன்றில் மாலைநேரப் படிப்பகங்களை நடத்திவரும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வளரிளம் பருவப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை, கல்வி பற்றி ஆய்வு செய்கிறவன். அதனால் மருந்துகளைப் பற்றிப் பேசப் போவதில்லை. பள்ளிக்கூடம் நம் தெருப் பிள்ளைகளின் மனதை என்ன செய்கிறது, அதற்கு இந்தப் படிப்பகங்களில் நாம் என்ன செய்ய முடியும் என்ற இரண்டை மட்டும் பேசுகிறேன்.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலை வெளியிட்டார். கோயம்புத்தூரில் தான் படித்த காலத்தைப் பற்றி அதில் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் தன்னை எட்டிவிடாதபடி விறுவிறுவென்று நடந்து வீடு சேர்ந்துவிடுவார்.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து நம் உரிமையைப் பேசியவர் இதை எழுதும்போது எண்பது வயதை ஒட்டியிருந்தார். அவ்வளவு காலம் கழித்தும் அந்தப் பள்ளி மணி அவருக்கு மறக்கவில்லை. அம்பேத்கரும் அப்படித்தான். வகுப்பில் தனியாகக் கோணிப்பையில் உட்கார்ந்ததையும், பள்ளிச் சேவகர் வராத நாளில் தண்ணீர் இல்லாமல் தவித்ததையும் பல பத்தாண்டுகள் கழித்து எழுதினார். இவற்றைத் தலைவர்களின் வரலாறு என்று படித்திருக்கிறோம். பிள்ளைகளின் மனநலம் பற்றி நம்மிடம் இருக்கும் முதல் ஆவணங்கள் என்றும் படிக்கலாம்.

சீனிவாசன் என்ற அந்தப் பையனை இன்று ஒரு ஆலோசகரிடம் அழைத்துப்போனால் என்ன குறிப்பு எழுதுவார்? 'தனிமையை நாடுகிறான், நண்பர்கள் இல்லை, கூட்டத்தைக் கண்டால் பதற்றம்' என்று எழுதக்கூடும். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பையன் பள்ளியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான் என்பது அந்தக் குறிப்பில் வராது. தெரிந்தால் அவமானப்படுத்துவார்கள் என்பது அவனுடைய கற்பனை இல்லை, சரியான கணக்கு. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். நம் பிள்ளைகளின் பயத்தில் பெரும்பகுதி சுற்றியிருப்பதைச் சரியாகப் பார்த்ததால் வருவது. பயத்தை மட்டும் எடுத்துவிட்டு, பயமுறுத்துகிற இடத்தை அப்படியே விட்டுவைத்தால் அதை மனநலம் என்று சொல்ல முடியாது.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. ஏறக்குறைய 14 பேருக்கு ஒருவர். 40 பேர் உட்காரும் வகுப்பில் மூன்று பேர். உங்கள் படிப்பகத்திலும் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

இன்று கோணிப்பை போய்விட்டது, ஒளிய வேண்டிய தேவை போகவில்லை. "எந்த ஊரு?" என்ற கேள்விக்குப் பின்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. பேருந்தில் நம் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடக்கிற பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். கையில் கட்டிய கயிற்றின் நிறம் யார் யாரோடு உட்காரலாம் என்று சொல்கிறது. வகுப்பு முடிந்தாலும் விடுவதில்லை, இரவில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் சாதிப் பெருமைப் பாட்டு ஓடுகிறது.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது உதவித்தொகைக்கான பெயர்களை வகுப்பு நடுவில் வாசித்து, எழுந்து நிற்கச் சொல்வார்கள். பணம் நமக்கு உரிமையாக வருவது. ஆனால் நாற்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் எழுந்து நின்றால் உரிமை வாங்குகிற மாதிரி இருக்காது, பிடிபட்ட மாதிரி இருக்கும். எங்களில் சிலர் அந்த வாரம் பள்ளிக்கு வராமலே இருந்துவிடுவார்கள். வீட்டில் கேட்டால் வயிற்றுவலி என்பார்கள்.

ஒளிவது ஒரு வேலை. எங்கே உட்காரலாம், வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் என்ன சொல்லலாம், அப்பா வேலையை எப்படிச் சொல்லலாம் என்று நாள் முழுக்க யோசிக்கிற பிள்ளைக்குக் கணக்குப் பாடத்துக்கு மூளையில் எவ்வளவு இடம் மிஞ்சும்? நாம் அதைப் பார்த்துவிட்டு 'படிப்பு ஏறவில்லை' என்கிறோம். தூக்கம் கெடுவது, எதற்கெடுத்தாலும் கோபம், திடீரென்று போனிலேயே கிடப்பது, திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற தலைவலி எல்லாம் வயசுக் கோளாறு என்று தள்ளக்கூடியவை இல்லை.

நாங்குநேரியை நினைத்துப்பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அரிவாள் நமக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான் என்பது அந்த அளவுக்கு நினைவில் இல்லை. அந்த நிறுத்தம்தான் முதல் சத்தம். பிறகு அவன் நடந்ததைச் சொன்னான், புகார் போனது, அன்று இரவே அரிவாள் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மனநல விழிப்புணர்வுப் பேச்சுகளில் எப்போதும் ஒரு வாக்கியம் வரும்: 'மனம் விட்டுப் பேசுங்கள்.' அந்தப் பையன் பேசினான். அவனுக்குப் பேச்சு குறையவில்லை, பேசிய பிறகு கிடைக்க வேண்டிய பாதுகாப்புதான் குறைந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னொரு விதத்தில் நடக்கிறது. பேருந்தில் ஒருவன் சாதி சொல்லிச் சீண்டுகிறான் என்று வீட்டில் சொன்னால் "படிச்சது போதும்" என்ற முடிவு வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறப்பதில்லை. சொன்னால் தண்டனை வரும் என்ற நிலை இருக்கும்வரை எந்தப் புகார்ப் பெட்டியும் காலியாகத்தான் இருக்கும்.

வெட்டிய பையன்களும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள்தான். சாதிப் பெருமையைத் தவிர நிற்க வேறு இடமில்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வெளியே இருக்கிறார்கள், பிள்ளைகள் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டு தரப்புக் காயத்தையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. அந்தக் கயிற்றை அவிழ்க்கிற பொறுப்பு அந்தச் சமூகங்களின் பெரியவர்களுக்கு இருக்கிறது என்கிறேன்.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. கயிற்றைப் பற்றித்தான் தொலைக்காட்சிகளில் அதிகம் விவாதித்தார்கள். பதிவேட்டைப் பற்றிய பரிந்துரை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பிள்ளை எதை மறைக்கப் பாடுபடுகிறதோ அதைப் பள்ளியே காட்டிக்கொடுக்காமல் இருப்பது மனநலப் பாதுகாப்பின் முதல் படி.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் வழிகாட்டு நெறிகளைத் தந்தது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது. இதை நாம் நம் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் கேட்க வேண்டும். கேட்கும்போது கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த ஆலோசகருக்குச் சாதி என்ற சொல் காதில் விழ வேண்டும். "அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதப்பா" என்று சொல்கிறவர் நமக்கு வேண்டாம்.

அதே சமயம் நம் பக்கமும் ஒரு பேச்சு உண்டு. "இது சமூகப் பிரச்சினை, டாக்டர் என்ன செய்வார்?" என்பது. அது ஆபத்தானது. காய்ச்சலுக்குக் காரணம் சாக்கடைதான் என்றாலும் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுப்போம், சாக்கடைக்காகவும் மறியல் செய்வோம். மனச்சோர்வும் அப்படித்தான். மனச்சோர்வு உண்மையானது, அதற்குச் சிகிச்சை உண்டு, பிள்ளைகள் மீண்டு வருகிறார்கள். அரசின் டெலி மானஸ் 14416 எண் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் படிப்பகச் சுவரில் எழுதிவையுங்கள்.

படிப்பகத்தில் செய்யக்கூடியவை சின்ன வேலைகள்தான். மதிப்பெண் கேட்பதற்கு முன்னால் "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்த?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் அவனைக் கேட்காமல் அதை மேடையிலோ முகநூலிலோ கொண்டுபோகாதீர்கள். புகார் கொடுப்பதென்றால் பெற்றோரைத் தனியாக அனுப்பாமல் நான்கு பேர் கூடப் போங்கள். அன்று இரவும் மறுநாள் காலையும் அந்த வீட்டில் ஆள் இருக்கட்டும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். விளையாட்டை விட்டுவிடாதீர்கள். சாதியை மறைக்கத் தேவையில்லாமல் ஒரு மணி நேரம் பந்து அடிக்கிற இடம் பல பிள்ளைகளுக்கு வேறெங்கும் இல்லை.

இறந்த பிள்ளைகளுக்குப் பதாகை வைக்க நமக்குத் தெரியும். அதே ஒழுங்கோடு, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பட்டியலும் நம்மிடம் இருக்க வேண்டும். நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தெருவில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். யாராவது மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை என்றால், நான்காம் நாள் மாலை உங்களில் ஒருவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.